ஒரே தேதியில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள்: பிழையின்றித் தொகுப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்திலும், நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும், நாளிதழின் உள்பக்க மூலையிலும் "இன்று பிறந்தவர்கள்" என்று சில பெயர்கள் அன்றாடம் இடம்பெறுகின்றன. அந்தச் சில வரிகளை நம்பித்தான் ஒரு மாணவர் தம் குறிப்பேட்டில் ஒரு தேதியை எழுதிக்கொள்கிறார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் அதை மனப்பாடம் செய்கிறார். ஆகவே அந்த வரிகளை எழுதுபவருக்குப் பொறுப்பு உண்டு. இருவர் ஒரே தேதியில் பிறந்தார்கள் என்று சொல்வதற்கு முன், அவ்விருவரின் தேதிகளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவைதாமா என்று பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதையே இங்கு விளக்குகிறேன். எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் நவம்பர் 7 என்ற ஒரே பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தேதிப் பட்டியலில் நேரக்கூடிய தவறுகளில் பலவற்றுக்கு அந்த ஒரு பக்கமே இடம் தருகிறது.

முதல் படி: 366 பக்கங்கள்

கணினியில் அட்டவணை போட்டாலும் சரி, நீளமான கணக்கு நோட்டில் எழுதினாலும் சரி, பிப்ரவரி 29 உட்பட ஒவ்வொரு தேதிக்கும் தனிப் பக்கம் இருக்கட்டும். இடப்புறம் பிறப்பு, வலப்புறம் மறைவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயருக்கு எதிரே ஆண்டு, ஊர், எந்த நாட்காட்டியின்படி, எந்த ஆவணத்திலிருந்து, ஐயம் ஏதேனும் உண்டா என்னும் ஐந்து கட்டங்கள் வேண்டும். நான் நோட்டில்தான் எழுதுகிறேன். ஆவணம் கிடைக்கும் வரை பெயர் பென்சிலிலேயே இருக்கும், கிடைத்த பிறகே மையால் எழுதுவேன். இந்த ஒரு பழக்கம் என்னைப் பல பிழைகளிலிருந்து காத்திருக்கிறது.

நவம்பர் 7-இன் இடப்பக்கத்தைப் பாருங்கள். பிபின் சந்திர பால் (1858), மேரி கியூரி (1867), லீஸ் மைட்னர் (1878), லியோன் ட்ராட்ஸ்கி (1879), சர் சி. வி. ராமன் (1888), கான்ராட் லோரன்ஸ் (1903), ஆல்பெர் காம்யு (1913), எரிக் காண்டல் (1929), கமல்ஹாசன் (1954). வலப்பக்கத்தில் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர் (1862, ரங்கூன்), ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் (1913), எலினோர் ரூஸ்வெல்ட் (1962), திருமுருக கிருபானந்த வாரியார் (1993) ஆகியோர் இருக்கிறார்கள். பிறந்தவர்களில் கியூரி, ராமன், காம்யு, லோரன்ஸ், காண்டல் ஆகிய ஐவர் நோபல் பரிசு பெற்றவர்கள். அணுக்கருப் பிளவை விளக்கியவர்களில் ஒருவராக இருந்தும் அப்பரிசு கிடைக்காத மைட்னரும் அதே பக்கத்தில் இருக்கிறார். 109-ஆம் தனிமத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: எவ்வகை ஒற்றுமை என்று பிரித்தல்

"ஒரே நாளில்" என்ற சொல்லை நாம் மூன்று வெவ்வேறு பொருள்களில் பயன்படுத்துகிறோம், அவற்றைக் கலக்கக் கூடாது. ஆண்டு வேறாக, மாதமும் தேதியும் மட்டும் பொருந்துவது முதல் வகை. கியூரியும் ராமனும் இவ்வகையினர். ஜூன் 24-இல் பிறந்த கண்ணதாசனும் (1927) எம். எஸ். விஸ்வநாதனும் (1928) இவ்வகையினரே. ஓராண்டு இடைவெளியில் பிறந்த கவிஞரும் இசையமைப்பாளரும் தமிழ்த் திரைப்பாடலில் அத்தனை ஆண்டுகள் இணைந்து உழைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. இதற்கு "ஒரே தேதியில்" என்று எழுத வேண்டும்.

ஆண்டும் சேர்ந்தே பொருந்துவது இரண்டாம் வகை. இதற்கு மட்டுமே "ஒரே நாளில்" என்ற சொல் தகும். சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்தார்கள். அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், சில மணி நேர இடைவெளியில் மறைந்தார்கள். ஜெஃபர்சன் நண்பகலைக் கடந்து சற்று நேரத்திலும், ஆடம்ஸ் மாலையிலும் உயிர்நீத்தனர். அரசியலில் பகைத்துப் பிரிந்து, 1812 முதல் கடிதங்களால் மீண்டும் நண்பர்களான இருவர் அவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1831-இல், அதே ஜூலை 4 அன்று ஐந்தாம் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவும் காலமானார். சுவாமி விவேகானந்தர் (1902), மேரி கியூரி (1934) ஆகியோரின் மறைவும் அதே தேதிதான். ஆனால் இவர்களை ஆடம்ஸ், ஜெஃபர்சன் வரிசையில் "ஒரே நாளில்" என்று சேர்த்தால் அது தவறு.

ஒருவரின் பிறப்பும் மற்றொருவரின் மறைவும் பொருந்துவது மூன்றாம் வகை. ஸ்டீஃபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8 அன்று, கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டுகள் நிறைந்த நாளில் பிறந்தார். 2018 மார்ச் 14 அன்று, ஐன்ஸ்டைனின் பிறந்த தேதியில் மறைந்தார். நவம்பர் 7 பக்கத்தில் இதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினுக்கு இணையாகத் தனித்துக் கண்டடைந்த வாலஸ் இங்கிலாந்தில் கண்மூடிய 1913 நவம்பர் 7 அன்றுதான் அல்ஜீரியாவில் காம்யு பிறந்தார். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஆண்டு வாரியாக ஒப்பிட்டாலொழிய இத்தகைய பொருத்தம் கண்ணில் படாது. பக்கத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் படி: தேதி எங்கிருந்து வந்தது?

பிறந்த தேதி என்று நாம் படிப்பது பல வேளைகளில் பிறந்த தேதியே அல்ல. ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்பதற்கு மட்டுமே தேவாலயப் பதிவு இருக்கிறது. ஏப்ரல் 23 என்பது மரபாகச் சொல்லப்படும் தேதி. பேத்தோவனுக்கும் 1770 டிசம்பர் 17 என்ற ஞானஸ்நானத் தேதிதான் உறுதியானது. இப்படிப்பட்ட பெயர்களை "ஞானஸ்நானம்" என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

மைட்னரின் பெயருக்கு எதிரே நான் ஐயக்குறி இட்டிருக்கிறேன். வியன்னாவின் யூத சமூகப் பிறப்புப் பதிவேட்டில் அவர் பிறந்தது நவம்பர் 17 என்று இருக்கிறது. மற்ற ஆவணங்களிலெல்லாம் நவம்பர் 7 என்றே காணப்படுகிறது, அவரும் அதையே தம் பிறந்தநாளாகக் கொண்டார். இத்தகைய இடங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை மறைக்க வேண்டாம். இரண்டையும் எழுதி, எது எந்த ஆவணத்தில் உள்ளது என்று சொன்னால் போதும்.

நம் ஊரில் சிக்கல் வேறு விதமானது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவலாவதற்கு முன், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அந்தத் தலைமுறையினரின் சான்றிதழ்த் தேதியும் வீட்டார் சொல்லும் தேதியும் மாறினால் வியப்பில்லை. இன்னொரு வகையும் உண்டு: கொண்டாடும் தேதியே வேறாக இருப்பது. இளையராஜா பிறந்தது ஜூன் 3 என்றும், அது மு. கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால் தம் பிறந்தநாளை ஒரு நாள் முன்னதாக ஜூன் 2-இல் கொண்டாடுகிறார் என்றும் பரவலாக அறியப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தி தெரியாதவர் இருவரையும் வெவ்வேறு பக்கங்களில் எழுதிவிட்டு, அவர்களுக்கிடையே இருந்த மரியாதையின் அழகையே தவறவிடுவார்.

நான்காம் படி: நாட்காட்டியைச் சரிபார்த்தல்

மிகுந்த கவனம் தேவைப்படும் படி இதுவே. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி 1582 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அதை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை. இத்தாலி, ஸ்பெயின், போலந்து ஆகியவை உடனே ஏற்றன. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. அங்கு அவ்வாண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ரஷ்யா மாறியது 1918-இல். அங்கு ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14.

ஏப்ரல் 23 வந்தாலே, ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்ற வரி எங்கும் தென்படும். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 இங்கிலாந்தின் ஜூலியன் தேதி. புதிய கணக்கில் அது மே 3. செர்வாண்டிஸ் மத்ரித்தில் கிரெகோரியன் கணக்கில் ஏப்ரல் 22 அன்று இறந்து, மறுநாள் அடக்கம் செய்யப்பட்டார். ஆகவே இருவர் மறைவுக்கும் இடையே பதினொரு நாள்கள் உள்ளன. உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23-இல் அமைந்ததில் குறையொன்றும் இல்லை. "ஒரே நாளில்" என்ற சொல்தான் பொருந்தாது. கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதும் இப்படித்தான். கலிலியோவின் 1642 ஜனவரி 8 கிரெகோரியன் தேதி. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 ஜூலியன் தேதி. அதைப் புதிய கணக்குக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4 வருகிறது, ஆண்டே மாறிவிடுகிறது.

மாற்றும் முறை எளிது. பழைய தேதியுடன், 1700 பிப்ரவரி இறுதி வரை 10 நாள்கள், அதன்பின் 1800 பிப்ரவரி இறுதி வரை 11, 1900 பிப்ரவரி இறுதி வரை 12, அதற்குப்பின் 13 நாள்கள் கூட்ட வேண்டும். நிகழ்வு நடந்த காலத்துக்குரிய வேறுபாட்டையே கூட்ட வேண்டும், இன்றைய வேறுபாட்டை அல்ல. இங்கிலாந்தின் பழைய ஆவணமாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: 1752-க்கு முன் அங்குச் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கிற்று. அதனால்தான் நியூட்டனின் மறைவு அக்கால எழுத்தில் 1726 மார்ச் 20 என்றும், நம் கணக்கில் 1727 மார்ச் 31 என்றும் ஆகிறது.

இப்போது நவம்பர் 7-க்குத் திரும்புவோம். ரஷ்யப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி பிறந்தது ரஷ்யக் கணக்கில் 1879 அக்டோபர் 26. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆகையால் 12 நாள் கூட்டினால் நவம்பர் 7. ரஷ்யப் புரட்சி நடந்தது 1917 அக்டோபர் 25; இருபதாம் நூற்றாண்டு ஆகையால் 13 நாள் கூட்டினால் அதுவும் நவம்பர் 7. ட்ராட்ஸ்கி தம் பிறந்தநாளிலேயே புரட்சி நடத்தினார் என்று இதனால் எழுதுகிறார்கள். ஆனால் அவர் வாழ்ந்த பெட்ரோகிராடில், சுவரில் தொங்கிய நாட்காட்டியின்படி, புரட்சி நடந்தது 25-ஆம் தேதி. அவர் பிறந்த தேதியான 26 மறுநாள்தான் வந்தது. இரு நூற்றாண்டுகளின் வேறுபாட்டில் உள்ள அந்த ஒரு நாள்தான் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. இதை முதன்முதலாகத் தாளில் கூட்டிப் பார்த்த அன்று, தேதி என்பது எவ்வளவு நுட்பமான பொருள் என்று உணர்ந்தேன்.

டால்ஸ்டாயின் கதை இதற்கு மறுதலை. அவர் அஸ்தாபொவோ ரயில் நிலையத்தில் இறந்தது ரஷ்யக் கணக்கில் 1910 நவம்பர் 7. நம் கணக்கில் நவம்பர் 20. பழைய ரஷ்ய நூலைப் பார்த்து எழுதுபவர் அவரை நவம்பர் 7-இன் வலப்பக்கத்தில் சேர்த்துவிடக்கூடும். அவர் இடம் நவம்பர் 20. மேரி கியூரி பிறந்த வார்சாவும் அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்ததால் அவர் தேதியையும் சோதிக்கத் தோன்றும். அது தேவையான சோதனைதான், ஆனால் அவருடைய நவம்பர் 7 ஏற்கெனவே கிரெகோரியன் தேதி. அதன்மேல் மீண்டும் 12 நாள் கூட்டுவது, கூட்டாமல் விடுவதைப் போன்றே பிழை.

ஐந்தாம் படி: நட்சத்திரமும் திதியும்

தமிழ் மரபில் பெரியோரை நினைவுகூர்வது தேதியால் அல்ல. அப்பர் குருபூஜை சித்திரைச் சதயத்தில், சுந்தரர் குருபூஜை ஆடிச் சுவாதியில், இராசராச சோழனின் விழா தஞ்சையில் ஐப்பசிச் சதயத்தில் நடைபெறுகின்றன. அப்பருக்கும் இராசராசனுக்கும் சதயம் பொது என்பது கேட்க இனிமையாக இருந்தாலும், இருப்பவை 27 நட்சத்திரங்களே என்பதையும், அப்பருடையது முத்தியடைந்த நட்சத்திரம், இராசராசனுடையது பிறந்த நட்சத்திரம் என்பதையும் மறக்கக் கூடாது. இவ்விழாக்களின் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ஆகவே அவற்றைத் தேதிப் பக்கத்தில் எழுதாமல், நோட்டின் இறுதியில் மாத வாரியாகத் தனிப் பகுதி வைத்து எழுதுவதே முறை.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஏ. ஆர். ரஹ்மான் பிறந்தது 1967 ஜனவரி 6. சரியாக 120 ஆண்டு இடைவெளி. தேதிப் பக்கத்தில் இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஆனால் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது தை மாதத்தையொட்டித் தேய்பிறையில் வரும் ஐந்தாம் நாளில். அது ஜனவரி 6-இல் வருவது அரிது. எனவே இந்த ஒற்றுமையை எழுதும்போது, "ஆராதனை நாளில் பிறந்தவர்" என்று எழுதிவிடாமல், "தியாகராஜர் மறைந்த ஆங்கிலத் தேதியில் பிறந்தவர்" என்று எழுத வேண்டும்.

பழைய தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக்க முதலில் ஆண்டின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். சித்திரபானு என்றால் பாரதியார் பிறந்த 1882-ஆகவும் இருக்கலாம், 1942-ஆகவும் இருக்கலாம். அதன்பின் மாதத் தேதி, கிழமை, நட்சத்திரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பழைய பஞ்சாங்கத்திலோ, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணித்துத் தந்த அட்டவணைகளிலோ பாருங்கள். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் மையால் எழுதிவிட வேண்டாம், பென்சிலிலேயே இருக்கட்டும்.

ஆறாம் படி: நள்ளிரவு

பாரதியார் திருவல்லிக்கேணியில் உயிர்நீத்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவைக் கடந்து சுமார் ஒன்றரை மணிக்கு. கடிகாரக் கணக்கில் அது செப்டம்பர் 12. பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்று எண்ணும் நம் வழக்கத்தில் அது 11-ஆம் தேதி இரவேதான். நெடுங்காலம் செப்டம்பர் 11 நினைவு நாளாக நிலைத்ததை இவ்வழக்கோடு சேர்த்தே புரிந்துகொள்கிறேன். செப்டம்பர் 11 பக்கத்தில் வினோபா பாவேயின் பிறப்பும் (1895) இம்மானுவேல் சேகரனின் மறைவும் (1957) உள்ளன, அங்கே பாரதியார் பெயரை எழுதி, "நள்ளிரவுக்குப் பின், 12 பார்க்க" என்று ஒரு குறிப்பு இடுவதே நேர்மையான வழி. வெளிநாட்டில் மறைந்தவர்களுக்கு, அந்த ஊரின் உள்ளூர்த் தேதியையே கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒற்றுமைக்கு எவ்வளவு எடை தருவது?

ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தால், அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருக்க ஏறத்தாழ 50.7 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 57 பேர் இருந்தால் 99 விழுக்காடு. 23 பேரில் 253 இணைகளை அமைக்கலாம் என்பதே இதற்குக் காரணம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் ஜேம்ஸ் போல்க்கும் வாரன் ஹார்டிங்கும் நவம்பர் 2-இல் பிறந்தது இந்தக் கணக்கு எதிர்பார்ப்பதுதான். ஆகவே தேதி பொருந்துவதைக் கொண்டு குணமோ விதியோ ஒன்று என்று எழுத வேண்டாம்.

அப்படியானால் இந்தத் தொகுப்பு எதற்கு? பெரிய பெயரின் நிழலில் மறைந்திருப்பவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவர இது உதவுகிறது என்பதே என் பதில். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள் (1903); தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது கல்வி வளர்ச்சி நாள். அதே தேதியில் 1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்த மறைமலையடிகளை அன்று எத்தனை பள்ளிகள் நினைக்கின்றன? அக்டோபர் 2 காந்தியடிகள் பிறந்தநாள். லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் (1904), காமராசர் மறைந்ததும் (1975) அதே தேதியில்தான். டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைவை (1987) நினைப்போர், 1973-இல் அதே தேதியில் பெரியார் மறைந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்த அதே மாலை மாஸ்கோவில் இசையமைப்பாளர் புரோகோஃபியேவும் இறந்தார். அரசுத் துக்கத்தின் பேரிரைச்சலில் அவர் மறைவு உரிய கவனம் பெறவில்லை. தேதிப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே அளவான வரிதான்.

பலகையில் எழுதும்போது இப்படி எழுதலாம்: "நவம்பர் 7. திருச்சிராப்பள்ளி திருவானைக்காவலில் 1888-இல் சி. வி. ராமன் பிறந்தார். அவருக்கு 21 ஆண்டு முன்பு இதே தேதியில் வார்சாவில் மேரி கியூரி பிறந்தார். இருவரும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்: கியூரி 1903-இல், ராமன் 1930-இல்." இதற்கு மேல் "என்ன அதிசயம்" என்ற சொல் தேவையில்லை. மாணவர் தாமாகவே நின்று பார்ப்பார்.

எட்டாம் படி: பிப்ரவரி 29

இந்தப் பக்கத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது அதில் வர வேண்டியவர்களைப் பிப்ரவரி 28-க்கோ மார்ச் 1-க்கோ நகர்த்திவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். சாதாரண ஆண்டுகளில் பிப்ரவரி 28 அன்று பலகையில் எழுதினாலும், "பிறந்தது 29" என்று குறிப்பிட்டே எழுதுங்கள். நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் நெட்டாண்டு (லீப் ஆண்டு) அல்ல என்பதையும் கவனியுங்கள்: நூற்றாண்டு முடிவு ஆண்டாயின் 400-ஆல் வகுபட வேண்டும், ஆகவே 1900 நெட்டாண்டு அன்று, 2000 நெட்டாண்டு.

இந்தியப் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்தார். 1900-இல் பிப்ரவரி 29 இல்லாததால், அவர் பிறந்த தேதி மீண்டும் வந்தது எட்டு ஆண்டு கழித்து, 1904-இல்தான். அந்த 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்தான். 1977-இல் பிரதமரான மொரார்ஜி, அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு கேட்டார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். என் நோட்டில் இந்தப் பக்கத்தின் இரு வரிகளும் மையால் எழுதப்பட்டவை.